மனசுக்குள் படித்தது

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு வேலை. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் தில்லையக்காவின் பழைய புத்தகக் கடை. வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆவணியில் கல்யாணம், அதுவரை போய்க்கொள்ளலாம். மாப்பிள்ளைக்குத் திருப்பூர், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தவசி மாமா பார்த்த இடம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். "பேரு மட்டும் பேச்சி" என்று மாமா எல்லா விசேஷத்திலும் ஒரு தடவையாவது சொல்லுவார்.

எனக்குக் கிடைத்திருப்பது பக்கம் பார்க்கிற வேலை. கடைக்குள் வரும் எந்தப் புத்தகமும் பக்கம் பார்க்காமல் அலமாரி ஏறக் கூடாது. முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டி, எது விட்டுப்போயிருக்கிறது, எது கிழிந்திருக்கிறது, யாராவது உள்ளே கடிதமோ போட்டோவோ வைத்து மறந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் முன்தாளில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்: '43, 44 இல்லை.'

"நம்பர மட்டும் பாரு புள்ள. படிச்சுக்கிட்டு ஒக்காந்துராத" என்றார் அக்கா.

"சரிக்கா."

"ஒனக்கு முன்னாடி இருந்தவளும் சரிக்கான்னுதான் சொன்னா."

அக்கா ஒரு புத்தகம் கூடப் படித்ததில்லையாம். படித்தால் விற்க மனசு வராதாம். வீட்டுக்காரர் போன பிறகு பதினாறு வருஷமாக இப்படியே கடையை நடத்துகிறார்.

ஜூன் 4, செவ்வாய்

நம்பரை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

எங்கள் கடையை ஒட்டி ஒரு தையல் மிஷின் ரிப்பேர் கடை. நடுவில் இருப்பது அந்தக் காலத்துச் சுவர். என் இரண்டு முழங்கை அகலம். அதன் வழியாக மிஷின் ஓடுகிற அதிர்வு மட்டும் லேசாக வரும். நான் சாய்ந்து உட்காரும் இடத்தில் முதுகில் தெரியும்.

இன்று பதினொரு மணிக்கு அந்தக் கடைக்காரர் வந்து வாசலில் நின்றார். காதில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தது. இன்னாசி என்று பேர். அக்காவுக்குத் தெரிந்தவர்.

"எக்கா, யாருக்கா அது, காலையிலருந்து விடாமப் படிக்கிறது?"

"இங்க யாருடா படிக்கிறா?"

"பொம்பளக் குரல்க்கா. ஜமீன்தாரக் கொன்னுட்டாங்க. சமையக்காரன் மேல சந்தேகம். இன்ஸ்பெக்டர் மாடிப்படி ஏறுறாரு. அதக் கேட்டுக்கிட்டே பாபின தலைகீழாப் போட்டுட்டேன். ஊசி ஒடஞ்சு போச்சு."

"வெயிலு மண்டைக்கு ஏறிருச்சு ஒனக்கு. ஒரு மோரக் குடி, போ."

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். என் மடியில் அட்டை போன ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. அறுபத்தொன்றாம் பக்கம். இன்ஸ்பெக்டர் மாடிப்படியில் பாதி தூரம் ஏறியிருந்தார்.

நான் வாயசைத்துப் படிக்கிறவள் இல்லை.

ஜூன் 8, சனி

அக்கா சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து அவர் மறுபடி வந்தார்.

"நீங்கதானே?"

தலையாட்டினேன்.

"வாய் அசையலையே?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் எங்கள் அலமாரியிலிருந்து கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றை உருவிக் கொடுத்தார். "இதுல எங்கயாச்சும் ஒரு பக்கத்த மனசுக்குள்ளயே படிங்க. நான் அங்கிட்டுப் போய் நிக்கிறேன்" என்று போனார். படித்தேன். திரும்பி வந்து, குஞ்சு பொரித்த முதல் வாரம் எத்தனை வாட் பல்பு போட வேண்டும் என்பதிலிருந்து, தவிட்டில் எதைக் கலக்கக் கூடாது என்பது வரை ஒப்பித்தார். ஒரு வார்த்தை விடவில்லை.

அடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கடையில் யாருமில்லை. ஆனாலும் வெட்கமாக இருந்தது. நாலு வரி படித்தேன்.

"ஒண்ணும் கேக்கல" என்று வந்தார். "ஒங்களுக்குச் சத்தமாப் படிக்க வராதா?"

"வரும்."

அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

ஆக, கண்ணால் ஓட்டிப் படிப்பது அந்தச் சுவர் வழியாகப் போகிறது. அவருக்கு மட்டும் கேட்கிறது. அவருடைய பட்டறை மேஜையில் உட்கார்ந்தால்தான் கேட்கிறதாம், நாலடி தள்ளினால் இல்லையாம். அங்கேயே உட்கார்ந்திருக்கிற கஸ்டமருக்கும் கேட்கவில்லையாம். பயப்பட வேண்டிய விஷயம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பயந்து பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று நாற்பது புத்தகம். பெரும்பாலும் பிளஸ் டூ கைடுகள். விலங்கியல் கைடு ஒன்றில் 112 முதல் 119 வரை இல்லை.

மதியம் இன்னாசி வந்தார். "டீச்சர், தவளையோட வயித்த அறுக்கறது போதும். அந்த சமையக்காரன் என்ன ஆனான்?"

"அந்தப் புத்தகம் பாத்து முடிச்சாச்சு."

"நான் முடிக்கலையே! சாயங்காலம் மூணு மிஷின் டெலிவரி குடுக்கப் போயிருந்தேன். அந்த நேரத்துல முடிச்சிட்டீங்க. இது நியாயமா?"

அவருக்காகக் கடைசி முப்பது பக்கத்தை மறுபடி படித்தேன். நூற்றெட்டாம் பக்கத்தில் முதுகில் அதிர்வு நின்றுவிட்டது. கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவில்லை.

பத்தாவது வரைக்கும் படித்தாராம். புத்தகத்தைப் பிடித்தால் தூக்கம் வருகிறது என்று விட்டுவிட்டாராம். "இப்ப ஏன் வரல?" என்று கேட்டேன். "இப்ப நான் எங்க படிக்கிறேன்" என்றார்.

நான் இப்போதெல்லாம் மெதுவாகப் படிக்கிறேன் என்று அக்கா திட்டினார்.

ஜூன் 15, சனி

அவர் கவனித்த விஷயம்: நான் சோகமான இடங்களை வேகமாகத் தாண்டுகிறேனாம். "அங்க எதுக்கு ஓடறீங்க? அந்தம்மா அழுது முடிக்கட்டும்."

நான் கவனித்த விஷயங்கள்: நகைச்சுவை சொல்லி முடிக்குமுன் அவரே சிரித்துவிடுகிறார். மிஷின் எண்ணெய் சட்டைப் பையின் இடது மூலையில் மட்டும் படிகிறது. வயதான தையல்காரர்கள் வந்தால் எழுந்து நின்று ஸ்டூலைக் கொடுக்கிறார். டிபன் பாக்ஸில் தினமும் எலுமிச்சைச் சாதம். அவரேதான் கிளறுகிறார் போலிருக்கிறது, கடுகு கருகியிருக்கிறது. எங்கள் வாசல் படியைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுகிறார். வேறு யாரும் கழற்றுவதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்று எழுதிய மூன்று வரியை அடித்துவிட்டேன். நன்றாகத்தான் அடித்தேன். ஆனாலும் படிக்க முடிகிறது.

ஜூன் 22, சனி

மாப்பிள்ளை வீட்டிலிருந்து என் சர்டிபிகேட்டைக் கேட்டார்களாம். சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நிச்சயதார்த்தத் தட்டில் தேங்காய் பழத்தோடு அதையும் வைக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். "நம்ம வகையறாவுல மொத டிகிரி. சும்மாவா?"

அம்மா அதை அச்சகத்துக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து வந்துவிட்டாள். ஒரிஜினலை லேமினேட் செய்யக் கூடாது, நாளைக்கு எங்கே போனாலும் செல்லாது என்பார்கள் என்று கல்லூரியில் நூறு தடவை சொன்னார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அப்பளக் கம்பெனியிலிருந்து அரை நாள் முன்னதாகக் கிளம்பிப் போய்ச் செய்திருக்கிறாள். ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி இருக்கிறது. அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது ஆத்தா."

மாப்பிள்ளை பேர் பாலகுரு. போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறார். இடது தோளைக் கொஞ்சம் உயர்த்தி நிற்கிறார். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 26, புதன்

இதை எழுதக் கை கூசுகிறது.

வீட்டில் பழைய நோட்டெல்லாம் இரும்புக் கடைக்காரனுக்குப் போடப்போவதாக அம்மா சொன்னாள். இதுவும் அதோடு போய்விடக் கூடாதென்று காலையில் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். மதியம் வேலை குறைவு. வெளியில் எடுத்தேன். எழுதத்தான் எடுத்தேன். ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பக்கம் பார்த்துப் பார்த்து அப்படிப் பழகிவிட்டது.

ஜூன் 3 படித்தேன். 7, 8, 12 படித்தேன். எண்ணெய்க் கறை, எலுமிச்சைச் சாதம், கருகிய கடுகு, செருப்பு. ஜூன் 18. அடித்த மூன்று வரியையும் படித்தேன்.

அப்போதுதான் முதுகில் அதிர்வு இல்லை என்பது உறைத்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

நோட்டை மூடினேன். எழுந்து பின்கட்டில் உலகப்படக் கட்டுகளுக்கு நடுவில் போய் நின்றேன். ஐந்து மணி வரை அங்கேயே தூசி தட்டினேன். அவர் வரவில்லை. போகும்போது அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

ஜூன் 28, வெள்ளி

இரண்டு நாளாக அந்தக் கடை பூட்டியிருக்கிறது. எண்களை மட்டும் பார்த்தேன். இன்று எழுபத்திரண்டு புத்தகம். அக்காவுக்கு சந்தோஷம்.

ஜூலை 1, திங்கள்

அவர் எங்கே போயிருந்தார் என்று தெரிந்துவிட்டது.

முதலில் சொந்த ஊருக்குப் போய் அவருடைய அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டுக்குப் போய் அப்பாவைப் பிடித்திருக்கிறார். அப்பா தலையில் சாத்துக்குடி மூட்டை. மூட்டையை இறக்கக்கூட விடாமல், "ஒங்க பொண்ணுக்கு என்னையப் பிடிச்சிருக்கு. எனக்கும் பிடிச்சிருக்கு. கட்டிக் குடுங்க" என்றாராம். அப்பாவைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருக்கிறார்கள்.

அப்பா வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மார்க்கெட்டில் நின்றவர்கள் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள்.

இன்று மாமா வந்தார். செருப்போடு உள்ளே வந்தார்.

"யாருடி அவன்? என்ன ஆளுக, என்ன கோயிலு, எதுவும் தெரியுமா ஒனக்கு? வாயில்லாத பூச்சின்னு நெனச்சா, நீ மார்க்கெட் வரைக்கும் ஆளு அனுப்புற!"

"நான் அனுப்பல."

சொன்னேன். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாதாம். அதற்குள் முடிக்க வேண்டுமாம். வருகிற 14ஆம் தேதி, ஞாயிறு, நிச்சயதார்த்தம். நாளையிலிருந்து கடைக்குப் போக வேண்டாம்.

ஜூலை 3, புதன்

கடைச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். கேட்டுக்கொண்டு கிளம்பவில்லை.

நேராக ரிப்பேர் கடைக்குப் போனேன். அவர் ஒரு மிஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர்! வாங்க வாங்க. இப்பத்தான் மொத தடவ நம்ம கடைக்கு..."

"யாரக் கேட்டு எங்க அப்பாகிட்டப் போனீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. "நீங்கதானே... அன்னைக்கிப் படிச்சீங்களே."

"படிச்சேன். ஒங்ககிட்டச் சொன்னேனா?"

"எனக்குக் காதுல விழுந்துச்சே!"

"எங்க கடையில உள்ள புஸ்தகமெல்லாம்தான் ஒங்க காதுல விழுந்துச்சு. அதெல்லாம் ஒங்க புஸ்தகமா?"

அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதே கிடையாது.

"எங்க மாமா என்னைய ஒரு வார்த்த கேக்காம மாப்பிள்ள பாத்தாரு. நீங்க என்னைய ஒரு வார்த்த கேக்காம மாப்பிள்ளையா வந்து நின்னீங்க. எனக்கு ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு தெரியல. அதுல என் வேலையும் போச்சு. நிச்சயத்துக்கு நாளும் குறிச்சாச்சு."

"நான் நல்லதுக்குன்னு..."

"அவரும் அதத்தான் சொல்றாரு."

அவர் எழுந்து நின்றார். வயதான தையல்காரர்கள் வந்தால் நிற்பது போல. "தப்புதான்" என்றார். பிறகு, "நான் வந்து ஒங்க மாமாகிட்டப் பேசட்டுமா?" என்றார்.

"இன்னமும் புரியல ஒங்களுக்கு."

"இல்ல. இல்ல, புரியுது. போகல. நீங்க சொல்ற வரைக்கும் எங்கயும் போகல. யார்ட்டயும் பேசல."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. பார்க்காமல் வந்துவிட்டேன். சாவியை அக்காவிடம் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "ஏ, வச்சுக்க. இருக்கறது ரெண்டு சாவி, இங்க ஒரு ஆணிதான் இருக்கு" என்றார்.

ஜூலை 6, சனி

வீட்டில் அப்பளம். கம்பெனியிலிருந்து மாவு வாங்கி வந்து வீட்டில் தேய்த்துக் கொடுக்கலாம் என்று அம்மா ஏற்பாடு செய்திருக்கிறாள். என்னைக் காவல் காக்கத்தான். மொட்டை மாடியில் பாய் விரித்துக் காய வைக்கிறோம். மூலையில் கல் வைக்காவிட்டால் பறக்கிறது.

கருப்பு உளுந்து வாசனை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

அம்மாவிடம் கேட்டேன். உருண்டையை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"ஒன் கல்யாணத்துல ஒன்னைய யாராவது கேட்டாங்களாம்மா?"

"என்னைய யாரு கேட்டா? தாலி ஏறுனப்புறம்தான் ஒங்கப்பா மூஞ்சியவே பாத்தேன்."

"கேட்டிருந்தா?"

உருட்டுக்கட்டை நின்றது. "என்னத்தக் கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அம்மா வெகுநேரம் யோசித்தாள். நான் எதிர்பார்க்காத அளவுக்கு யோசித்தாள். "ஒரு வருசம் கழிச்சுன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "அப்ப தீப்பெட்டி ஆபீஸ்ல என்னைய மேஸ்திரியாப் போடறதா இருந்தாங்க."

இருபத்து நாலு வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம். சொல்லிவிட்டு, தேய்த்த அப்பளத்தை மறுபடி உருண்டையாக்கித் திரும்பத் தேய்த்தாள்.

ஜூலை 13, சனி

புடவை அரக்கு நிறம். ஜாக்கெட் தோளில் இறுக்கம். பிரித்து விட்டாயிற்று.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. என்ன செய்யக் கூடாது என்று மட்டும் தெரிகிறது. ஓடிப்போகக் கூடாது. ஓடினால், யாரோ கூட்டிக்கொண்டு போனான் என்று ஆகிவிடும். நான் போனேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு வேனில் பதினெட்டுப் பேர். வீட்டில் இடமில்லாமல் தெருவில் பந்தல். ஒன்பது தட்டு. ஒரு தட்டில் ஆப்பிள்களுக்கு நடுவில் என் சர்டிபிகேட், நிறுத்தி வைத்து. மாப்பிள்ளையின் அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். "பொண்ணு பேசுமா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்து அத்தை ஒருத்தி, "இருக்கிற எடமே தெரியாது" என்றாள். "அதான் வேணும்" என்றார் அவர்.

லக்னப் பத்திரிகை எழுதியாயிற்று. எப்போதும் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் அதைச் சபையில் வாசிப்பார். மாமாவுக்குப் பெருமை பொறுக்கவில்லை. "எங்க வீட்டுலயே டிகிரி முடிச்ச பொண்ணு ஒக்காந்திருக்கு. எதுக்கு அடுத்தவங்கள விட்டு வாசிக்கணும்? ஏ பேச்சி, நீயே படி" என்று தாளை என் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

படித்தேன். முதல் வரியில் குரல் வரவில்லை. "சத்தமா" என்று யாரோ சொன்னார்கள். சத்தமாகப் படித்தேன். நிகழும் குரோதி வருஷம் ஆனி மாதம் முப்பதாம் தேதி. அப்பா பேர், தாத்தா பேர். மாப்பிள்ளையின் அப்பா பேர், தாத்தா பேர். பந்தலின் கடைசி வரைக்கும் போகிற குரல் எனக்கு இருக்கிறது. அதை இன்றுதான் பார்த்தேன். பிறகு அந்த வரி வந்தது.

"இரு வீட்டாரின் சம்மதத்துடனும், மணமக்களின் பூரண சம்மதத்துடனும்..."

அங்கே நின்றேன்.

"மாமா, இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன, தேதியா?" மாமா கண்ணாடியைத் தேடினார்.

"மணமக்களின் பூரண சம்மதத்துடன்னு போட்டிருக்கு. மணமகள் சம்மதத்த யாரும் வாங்கல."

சிலர் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது எல்லாப் பத்திரிகையிலயும் அப்பிடித்தான் எழுதுவாங்க. படிச்சிட்டுப் போ புள்ள" என்றார்.

"எல்லாத்துலயும் எழுதுவாங்க. யாரையும் கேட்டுட்டு எழுத மாட்டாங்க."

"சரி, இப்பக் கேக்குறேன். பதினெட்டுப் பேரு வந்து ஒக்காந்திருக்காங்க. நல்லாப் பாத்துக்க. பாத்துட்டுச் சொல்லு. சம்மதமா?"

பார்த்தேன். பதினெட்டுப் பேரையும் பார்த்தேன். பாலகுருவையும் பார்த்தேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. "ஒங்க மேல குறை ஒண்ணும் இல்லைங்க. எனக்குச் சம்மதம் இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரே இரைச்சல். மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் அம்மா வந்து நின்றாள். கையில் கரண்டி வைத்திருந்தாள். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா, "அவன் யாருன்னு கேளுங்க, மார்க்கெட்டுக்கு வந்தவன்!" என்று கத்தினார். "அவருக்கும் நான் சம்மதம் சொல்லல" என்றேன். அது அவர்களை இன்னும் குழப்பிவிட்டது. ஒருத்தனுக்காக வேண்டாம் என்றிருந்தால் புரிந்திருக்கும்.

பாலகுருதான் முதலில் எழுந்தார். "வாங்கம்மா, போலாம். மண்டபத்துல வச்சு இப்பிடி ஆகாமப் போச்சேன்னு நெனச்சுக்குவோம்" என்றார். போகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

அவர்கள் தட்டுகளை எடுக்க ஆரம்பித்தபோது, நான் போய் ஆப்பிள்களுக்கு நடுவிலிருந்து என் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டேன்.

மாமா அப்பாவைப் பார்த்து, "மச்சான், நீ ஒரு ஆம்பளையா இருந்தா இப்பப் பேசு" என்றார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவதான் சொல்லிட்டாளே தவசி" என்றார்.

ஜூலை 15, திங்கள்

தெருவில் யாரும் எங்களோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் எனக்கு மட்டும் வழி விட்டார்கள். சீக்கிரம் நிரப்பிவிட்டேன்.

மாமா இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாராம். அம்மா அழுதாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி.

அப்பா மார்க்கெட்டிலிருந்து நேரத்தோடு வந்தார். சாப்பிட்டார். கை கழுவும்போது, "ஒனக்கு வேலைக்கு எத்தன மணிக்குப் போகணும் பாப்பா?" என்று கேட்டார்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. கடையில் எனக்காக முப்பத்தொரு புத்தகம் காத்திருந்தது. அக்கா, "வந்தியா, ஒக்காரு" என்றதோடு சரி.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகில் அதிர்வு இருந்தது. ஒரு கப்பல் கதை. முதல் பக்கத்திலேயே புயல். படித்தேன். அதிர்வு நிற்கவில்லை. கப்பல் கவிழ்ந்தது. அதிர்வு நிற்கவில்லை. கேப்டன் செத்தான். மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு அவர் டீ வாங்க வெளியே வந்தார். எங்கள் வாசலைத் தாண்டினார். தாண்டியவர் அப்படியே பின்னால் நடந்து வந்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஒன்பது மணிக்கு."

"படிக்கலையா?"

"நாப்பது பக்கம் படிச்சிருக்கேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தார். நான் படித்தேன். வந்தார். தலையை ஆட்டினார். இன்னொரு புத்தகம் எடுத்தோம். கோழிப் புத்தகத்தையும் எடுத்தோம். ஒன்றுமில்லை. சுவர் வெறும் சுவராக இருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை வரைக்கும், நீங்க இல்லாட்டியும் ஒரு மாதிரி ரேடியோ ஆன் பண்ணி வச்ச மாதிரி இருக்கும். அன்னைக்கி மத்தியானம் பட்டுன்னு போச்சு. நீங்க ஊர விட்டே போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னபடியே யாரிடமும் போகாமல், யாரையும் விசாரிக்காமல் இருந்திருக்கிறார். முழுவதையும் நின்றபடி கேட்டார்.

"அப்ப இனிமே ஒங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மத்தவங்களுக்கெல்லாம் எப்பிடித் தெரியுது?"

செருப்பை மாட்டினார். மறுபடி கழற்றினார். கடையில் அப்போது நீட் கைடு கேட்டு வந்த ஒரு அம்மாவும் அவர் மகளும் நின்றிருந்தார்கள். அக்கா மேஜையில் இருந்தார். இன்னாசி எல்லோர் முன்னாலும், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னைக் கேட்டார். நேராக, முழு வாக்கியமாக. என் முழுப் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"அட, என் கடையில என்னடா நடக்குது" என்றார் அக்கா. நீட் அம்மா, "நாங்க அப்பறம் வரவா?" என்றார். அவர் மகள் அசையவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"எத்தன நாளு?"

"தெரியாது."

"சரி" என்றார். டீ வாங்காமலே கடைக்குத் திரும்பிப் போனார்.

ஜூலை 20, சனி

யோசிக்கிறேன். அவருக்கு உடன்பாடில்லாத விஷயங்களாகத் தேடிப் பிடித்துக் கேட்டேன். நான் மேலே படிப்பேன். சர்ச்சுக்கும் வர மாட்டேன், கோயிலுக்கும் இழுக்க மாட்டேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு வருகிற வரைக்கும் எந்தத் தேதியும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். ஒன்றுக்கு, "அது எனக்குக் கஷ்டம்தான்" என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கைடுகள் ஐம்பத்தாறு.

ஜூலை 26, வெள்ளி

இன்று பதில் சொல்லிவிட்டேன்.

என்ன சொன்னேன் என்பதை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லியாயிற்று. அவருடைய பட்டறைக்குப் போய், மூன்று மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்கு மேலே சொன்னேன். சரியாக விழவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். பொய். நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் மறுபடி சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் உலகப்படக் கட்டுக்குப் பின்னாலிருந்து தில்லையக்கா, "ஏ, பையப் பேசு புள்ள! மார்க்கெட்டு வரைக்கும் கேக்குது!" என்று கத்தினார்.

கேட்கட்டும்.